படை மீள்வது பழியா?

ஒரு நாட்டின் படை பிறிதொரு நாட்டு மண்ணில் கால்வைப்பதற்கு ஒரு நாள் போதும். வைத்த காலைப் பெயர்த்துக்கொள்வதற்கோ ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான உயிர்கள் வேண்டியிருக்கின்றன. படையை அனுப்புங்கால் அறமும் அமைதியும் பேசப்படும். திருப்பியழையுங்கள் என்று மக்கள் கேட்குங்கால், அவ்விரண்டும் பின்தள்ளப்பட்டு, மானம் என்னும் ஒரு சொல் முன்னே நிறுத்தப்படும். அம் மானம் ஆள்வோர்தம் மானமே. அதற்கு விலையாகும் உயிர்களோ உழவன் வீட்டுப் பிள்ளைகளின் உயிர்கள்.

ஈழத்துக்குச் சென்ற இந்தியப் படையின் கதையும் இதுவே. 1987ஆம் ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில் சென்ற அப்படை, 1990 மார்ச்சு 24ஆம் நாள் திருகோணமலைத் துறையினின்று இறுதியாகக் கப்பலேறிற்று. ஏறத்தாழ 32 திங்கள். அதன்பின் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஆயினும், "அப்படையைத் திருப்பியழைத்ததே பெரும்பிழை, இன்னுஞ் சில திங்கள் அங்கிருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், மாண்டவர் ஈகம் வீணாயிற்று, நாட்டின் மானம் போயிற்று" என்று எழுதுவோர் இன்றும் உளர். அவ்வாறு எழுதுவோருள் தமிழ்நாட்டுச் சோறுண்டு தமிழ்மொழியிலேயே எழுதுவோரும் உளர் என்பதுதான் வெட்கத்திற்குரியது. அவர்தம் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது தமிழர் கடன்.

முதற்கண் அப்படையின் பெயரையே பார்க்க. 'அமைதி காக்கும் படை' என்று அதற்குப் பெயரிட்டனர். அமைதியைக் காப்பதற்கு முன் அமைதி இருத்தல் வேண்டும். பகைத்து நிற்கும் இரு திறத்தாரும் நடுவனை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். 1987 சூலை 29ஆம் நாள் கொழும்பில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இருவர்: ஒருவர் இந்தியத் தலைமையமைச்சர் இராசீவ் காந்தி, மற்றொருவர் இலங்கைக் குடியரசுத் தலைவர் செயவர்த்தனா. எவர் மண்ணைப் பற்றி, எவர் உயிரைப் பற்றி, எவர் உரிமையைப் பற்றி அவ்வொப்பந்தம் பேசிற்றோ, அவ் ஈழத்தமிழர் சார்பில் அதில் ஒரு கையெழுத்தும் இல்லை. 48 மணி நேரத்தில் போர்நிறுத்தம். அதன்பின் 72 மணி நேரத்தில் படைக்கல ஒப்படைப்பு என்று, மணமகளைக் கேளாமலே மணநாள் குறித்ததுபோல் நாழிகை குறித்தனர். அதே நாளில் இரு தலைவரும் மாற்றிக்கொண்ட மடல்களில் என்ன இருந்தது? திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு ஊறாகப் பிறநாட்டுப் படைகளுக்குத் தரலாகாது. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இருநாடும் கூடிச் சீரமைக்கும். வேற்று நாட்டு ஒலிபரப்பு நிலையங்களைப் பற்றி மீளாய்வு செய்யப்படும் என்பனவே இருந்தன. ஒரு நாடு தன் கடலோரத்தைக் காத்துக்கொள்ள நினைப்பது குற்றமன்று. ஆயின், தன் கடலோரக் கணக்கை அடுத்தவன் கண்ணீரில் எழுதிவிட்டு, அதற்கு அமைதி என்று பெயரிடுவதே குற்றம்.

இனி, அப்படையை ஈழத்தமிழர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. 1987 சூன் 4ஆம் நாள் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளை இட்டபோது, அம்மக்கள் கைகூப்பி நின்றனர். படை வந்திறங்கியபோது மாலையிட்டு வரவேற்றனர். தாயகத்தினின்று உடன்பிறந்தார் வந்தார் என்றே நம்பினர். அந் நம்பிக்கை மூன்று திங்களும் நிலைக்கவில்லை. செப்தம்பர் 15ஆம் நாள் நல்லூர்த் திருக்கோயில் முன்றிலில் திலீபன் ஐந்து வேண்டுகைகளை முன்வைத்து, நீரும் அருந்தாது உண்ணாநோன்பிருந்தான். 26ஆம் நாள் அவன் உயிர் பிரிந்தது. அவன் இயக்கத்தை ஒப்பாதாரும் அவன் கேட்டவை அறவழியிற் கேட்கப்பட்டவை என்பதை மறுக்கவியலாது. அக்தோபர்த் தொடக்கத்திற் சிங்களக் கடற்படை பிடித்துவைத்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர், தம்மைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது நஞ்சுண்டு மாண்டனர். இந்தியப் படை அருகிலிருந்தும் அவர்களைக் காக்கவில்லை. அதன்பின் தமிழர் பகுதியில் வாழ்ந்த சிங்களர் கொல்லப்பட்டனர், அதுவும் கொடுமையே. அக்தோபர் 10ஆம் நாளளவில் போர் மூண்டது. அன்றே அப்படையின் பெயரிலிருந்து அமைதி என்னும் சொல் உதிர்ந்துவிட்டது. நடுவன் வாளெடுத்தான், நடுவுநிலை மாண்டது.

அப் போரின் முதல் திங்களிலேயே, அக்தோபர் 21, 22 ஆகிய நாள்களில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை புகுந்தது. நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் பணியாளருமாக 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உள்ளிருந்து சுட்டமையால் திருப்பிச் சுட்டோம் என்பது படையின் விளக்கம். கைகளை உயர்த்தி, மருத்துவர் யாம் என்று கூறிக்கொண்டே வந்தாரும் சுடப்பட்டனர் என்பது உயிர்தப்பினோர் சான்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே, அம்பு தொடுக்குமுன் நோயாளரையும் மகளிரையும் காப்பிடம் சேர்ந்துகொள்ளுமாறு அறிவித்த அறப்போர் மரபை நெட்டிமையார் புறநானூற்றின் 9ஆம் பாட்டிற் பாடிவைத்தார். அம் மரபிற் பிறந்த இனத்தின் நோயாளர்க்குக் கட்டிலும் காப்பிடமாகவில்லை.

1988 மார்ச்சு 19ஆம் நாள், மட்டக்களப்பில் பூபதி என்னும் தாய், போரை நிறுத்துக, பேச்சு நடத்துக என்று கேட்டு உண்ணாநோன்பு தொடங்கினார். ஏப்பிரல் 19ஆம் நாள் மாண்டார். காந்தியடிகளின் நாடு என்று தன்னைக் கூறிக்கொண்ட நாட்டின் படைக்கு முன், காந்தியடிகள் கையாண்ட வழியிலேயே ஒரு முதியவள் முப்பது நாள் பட்டினி கிடந்து செத்தாள். 1989 ஆகத்துத் திங்கள் தொடக்கத்தில், வல்வெட்டித்துறையிற் காவற்சுற்று வந்த படைஞர் தாக்கப்பட்டு மாண்டதன்பின், அவ்வூர்ப் பொதுமக்களுள் 60-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், வீடுகள் எரிக்கப்பட்டன. தாக்கியவனைப் பிடிக்க முடியாதபோது ஊரைத் தண்டிக்கும் நிலைக்கு ஒரு படை வந்துவிட்டதெனின், அஃது அவ்வூரின் காவலன் என்னும் தகுதியை இழந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, எதிர்வழக்குரைப்பார் கூற்றுகளுக்கு வருவோர் இவற்றை மனத்தில் இருத்திக்கொள்க.

'இன்னுஞ் சில திங்கள் இருந்திருந்தால் வென்றிருக்கலாம்' என்பது அவர்தம் முதற்கூற்று. ஒரு பிரிவாகச் சென்ற படை நான்கு பிரிவாயிற்று. படைஞர் தொகை 70,000-ஐக் கடந்தது. இரண்டரை ஆண்டு கடந்தது. இத்தனையும் தராத வெற்றியை இன்னுஞ் சில திங்கள் எங்ஙனம் தந்திருக்கும்? வியத்துநாமில் அமெரிக்காவும் இதையே சொல்லிற்று. 1969இல் அங்கிருந்த அமெரிக்கப் படைஞர் 5,40,000-க்கு மேற்பட்டோர். ஆண்டுதோறும் இன்னுஞ் சிறிது காலம் என்றனர். 58,000-க்கு மேற்பட்ட தம் மக்களைப் பறிகொடுத்து, 1973 மார்ச்சில் திரும்பினர். வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். செய்யும் வினையின் வலியையும் தன் வலியையும் மட்டுமன்றி, எதிரில் நிற்பவன் வலியையும் இருபாலும் நிற்கும் துணையின் வலியையும் சீர்தூக்கச் சொன்னார். மக்கள் துணை எவன் பக்கம் நிற்கின்றதோ அவன் பக்கமே அந் நிலமும் நிற்கும். அத் துணையை இழந்த படைக்கு ஆண்டுகள் கூடக்கூட வலி கூடுவதில்லை, பழியே கூடும்.

'மாண்டவர் ஈகம் வீணாகிவிடும்' என்பது இரண்டாங் கூற்று. இதுவே கேட்போர் நெஞ்சை எளிதில் அசைப்பது. ஆதலின் இதுவே எல்லாவற்றினும் இடர் மிக்கது. அப் போரில் மாண்ட இந்தியப் படைஞர் ஏறத்தாழ 1,200 பேர். புண்பட்டோர் ஏறத்தாழ 3,000 பேர். அவர்கள் எவரும் அப் போரைக் கேட்டுச் சென்றவரல்லர். பணித்த இடத்துக்குச் சென்றனர். அறியாத மண்ணில் மாண்டனர். அவர்களுள் தமிழரும் உளர். படைத்துறையின் மிகவுயர்ந்த விருதை இறந்தபின் பெற்ற இராமசாமி பரமேசுவரன், தமிழ்க்குடியிற் பிறந்தவர். 1987 நவம்பர் 25ஆம் நாள் யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பக்கத்தில் வீழ்ந்தார். தமிழ்மண்ணில், தமிழர் துமுக்கிக்குத் தமிழ்மகன் ஒருவன் மாண்டான். உறையூரை முற்றிய நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கி, தோற்பவன் யாராயினும் தோற்பது ஒரே குடி என்று கோவூர்கிழார் இடித்துரைத்தது இதற்காகவன்றோ? அன்று இடித்துரைக்க ஒரு புலவர் இருந்தார்; அரசர் கேட்கும் நிலையில் இருந்தனர். தில்லியில் இடித்துரைப்பாரும் இலர், கேட்பாரும் இலர்.

மாண்டவர் சாவுக்குப் பொருள் சேர்க்க இன்னும் பலர் மாள வேண்டும் என்பது சூதாடியின் கணக்கு. இழந்ததை மீட்க இன்னும் வைப்பேன் என்பவன், இழந்ததையும் மீட்பதில்லை, இருப்பதையும் காப்பதில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1969 சனவரியிற் பதவியேற்றபின், பெருமையோடு கூடிய அமைதி வேண்டுமென்று கூறி, நான்காண்டு போரை இழுத்தார். அந் நான்காண்டில் மட்டும் மாண்ட அமெரிக்கர் ஏறத்தாழ 21,000 பேர். மாண்ட வியத்துநாமியரோ பன்மடங்கினர். 1975 ஏப்பிரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தபோது, அந் நான்காண்டுச் சாவு எதை வாங்கித் தந்தது என்று கேட்பார்க்கு விடையில்லை. மாண்டவனுக்குச் செய்யும் சிறப்பு, அவனோடு நின்ற அடுத்தவனை உயிரோடு வீடு சேர்ப்பதே.

'நாட்டின் மானம் போயிற்று' என்பது மூன்றாங் கூற்று. யார் முன்னிலையில் போயிற்று? 1989 சூன் முதல் நாள், இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசா, சூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறினார். அழைத்த அரசே போ என்றது. காக்கச் சென்ற மக்களும் போ என்றனர். தெற்கே சிங்கள இளைஞரின் கிளர்ச்சியும் அப்படையின் இருப்பையே எரிபொருளாகக் கொண்டு எரிந்தது. அதற்குமேல் ஒரு கொடுமை: இந்தியப் படையோடு பொருத விடுதலைப் புலிகளுக்குக் கொழும்பு அரசே மறைவாகப் படைக்கலம் வழங்கிற்று. எந்த அரசுக்குத் துணையாகச் சென்றனரோ, அந்த அரசு கொடுத்த குண்டுக்கு இந்தியப் படைஞர் இலக்காயினர். வீட்டுக்காரனும் வேண்டா என்கின்றான். விருந்துக்கு அழைத்தவனும் வேண்டா என்கின்றான். இலையை விட்டு எழமாட்டேன், எழுந்தால் மானம் போம் என்பவனை உலகம் மானமுடையான் என்று சொல்லுமா? அல்சீரியாவை விட்டு 1962இற் பிரான்சு வெளியேறிற்று. அதனாற் பிரான்சு அழிந்துபோகவில்லை, அழிவினின்று தப்பிற்று. 1989 பிப்பிரவரி 15ஆம் நாள் ஆப்கானித்தானத்தினின்று சோவியத்துப் படை திரும்பிற்று. பின்னர் அதே மண்ணில் அமெரிக்கா 20 ஆண்டு நின்று, 2021 ஆகத்தில் இரவோடிரவாகத் திரும்பிற்று. முந்தித் திரும்பியிருந்தால் இழிவு குறைந்திருக்குமேயன்றிக் கூடியிராது.

'படையை நம்பியவர்களைக் கைவிட்டனர்' என்பது நான்காங் கூற்று. இதில் மெய் உண்டு; மெய்யை மறுப்பது தமிழ்நெறியன்று. படையின் நிழலில் வடகிழக்கு மாகாண ஆட்சியை நடத்தியவர்கள், படை மீண்டதும் வேட்டையாடப்பட்டனர். 1990 சூன் 19ஆம் நாள் பதுமநாபாவும் அவர் தோழர்களும் சென்னையிலேயே கொல்லப்பட்டனர். தமிழன் தமிழனைக் கொன்ற அக் கொடுமைக்கு எவ்வகைச் சப்பைக்கட்டும் கட்டவியலாது. ஆயின், அவர்களை அந் நிலையில் நிறுத்தியவர் யார்? 1989இல் தமிழ்ச் சிற்றூர்களிற் பள்ளிப் பிள்ளைகளையும் வலிந்து பிடித்து, தமிழ்த் தேசியப் படை என்று பெயரிட்டு, அரைகுறைப் பயிற்சி தந்து துமுக்கி ஏந்தச் செய்தது யார் துணையால்? இதனாற் பெறப்படும் பாடம், படை மீளக்கூடாது என்பதன்று. மீளும்போது, தன்னை நம்பியவர்க்கும் தான் சிக்கவைத்தவர்க்கும் காப்பு வகுத்துவிட்டு மீள வேண்டும் என்பதே. மீட்சியின் குறையை மீட்சிக்கே எதிராகத் திருப்புவது ஏரணமன்று.

'மீண்டபின் நடந்தவற்றைப் பாருங்கள்' என்பது இறுதிக்கூற்று. 1990 சூனில் மீண்டும் போர் மூண்டது. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்பூதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். அக் கொலை மாந்தநேயமுடையார் எவரும் ஒப்பாத கொடுஞ்செயல். அவரோடு உடன்நின்ற பிறரும் அதில் மாண்டனர். அதனால் ஈழத்தமிழர்க்கு விளைந்த தீங்கும் அளவிறந்தது. 2009 மே வரை போர் நீண்டு, முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இவையெல்லாம் மெய்ந்நிகழ்ச்சிகள். ஆயின், இவை படை மீண்டதன் விளைவா, சென்றதன் விளைவா? வேரிற் புகுந்த புழுவை விட்டுவிட்டு, மரம் பட்டதற்குக் காற்றைக் குறைகூறுவது போன்றது இவ்வழக்கு. ஒரு படை மண்ணை விட்டு நீங்கிய அன்றே, அது விதைத்த வெறுப்பும் நீங்கிவிடுவதில்லை என்பதற்கே இவை சான்று. ஆதலின் நெடிது நிற்பது மருந்தன்று. நெடிது நின்றதே நோய்.

மெய்யான பிழை எங்கேயுள்ளது? ஒப்பந்தம் ஒரு தரப்பினர்மேல் துமுக்கியாற் செலுத்தப்பட்டது. மறுதரப்பின்மேல் எழுத்தாற்கூடச் செலுத்தப்படவில்லை. அங்கேதான் பிழையுள்ளது. தமிழரிடம் படைக்கலம் பறிக்க 70,000 பேர் சென்றனர். சிங்கள அரசிடம் உரிமை பெற்றுத்தர எத்தனை பேர் சென்றனர்? 1987 நவம்பரில் இலங்கை அரசியற் சட்டத்திற் பதின்மூன்றாம் திருத்தம் செய்யப்பட்டது. அதிற் சொல்லப்பட்ட நிலவுரிமையும் காவல்துறையுரிமையும் தமிழர் கைக்கு முழுமையாக வந்து சேரவேயில்லை. வடக்கும் கிழக்கும் ஒன்றாயிருக்கும் என்ற ஏற்பாட்டையும் 2006 அக்தோபரிற் கொழும்பு உச்சநயன்மன்று செல்லாது என்றது. 2007 சனவரி முதல் அவை பிரிக்கப்பட்டன. 1,200 படைஞரின் குருதியும் பல்லாயிரம் தமிழரின் குருதியும் மையாகி எழுதப்பட்ட அத் தாள், கிழிக்கப்பட்டபோது தில்லி வாய்திறந்து தடுக்கவில்லை. ஈகம் வீணாயிற்று என்று வருந்துவோர், படை கப்பலேறிய 1990 மார்ச்சு 24-க்காக வருந்துவதை விட்டு, இந்த நாளுக்காக வருந்துக!

சென்னைத் துறைமுகத்தில் அப்படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை என்பதை இரண்டகம் என்று இன்றும் பழிப்போர் உளர். மாலையும் கொட்டுமுழக்கும் வெற்றிக்குரியவை. அன்று வெற்றி யாருக்கு? கடலுக்கு அப்பால் தமிழ்த்தாயர் பிணத்தின்மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தனர். கடலுக்கு இப்பால் பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் படைஞரின் தாயர் அழுதுகொண்டிருந்தனர். ஏவப்பட்ட படைஞனைத் தமிழன் பழிக்க வேண்டா. அவனும் ஒரு தாயின் மகனே. ஆயின் ஏவியவனுக்கு மாலையிடவும் வேண்டா. மாண்டோர்க்குக் கண்ணீர், மீண்டோர்க்கு ஓய்வு, ஏவியோர்க்கு வினா. அதுவே அந் நாளுக்குத் தக்க வரவேற்பு.

தமிழர் இதனின்று கற்கவேண்டியது ஒன்றுண்டு. இனி எந்நாளிலேனும், எந்நாட்டுக்கேனும், எவ்வளவு இனிய பெயரிட்டேனும் ஒரு படை அனுப்பப்படுமாயின், அனுப்பும் அன்றே மூன்று வினாக்களை எழுப்புக. அங்கு வாழும் மக்கள் அழைத்தனரா? அவர்கள் வேண்டா என்னும் நாளில் திரும்புவதற்கு உறுதி உண்டா? யாருக்காகச் செல்கின்றோம் என்கின்றனரோ, அவர்க்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் பொறுப்பு, படை மீண்டபின்னும் தொடருமா? இம் மூன்றுக்கும் விடையில்லாத படைச்செலவைத் தொடக்கத்திலேயே தடுக்க. தடுக்க முடியாதெனின், முதல்நாளே திருப்பியழைக்கக் கேட்க. ஈராண்டு கழித்துக் கேட்பதினும் இரண்டு நாளிற் கேட்பது உயிர் காக்கும்.

யாழ்ப்பாண மருத்துவமனையிலும் வல்வெட்டித்துறையிலும் மாண்டோர் குடும்பங்கள் இன்றும் நயன்மைக்குக் காத்திருக்கின்றன. கையெழுத்திட்ட ஒப்பந்தமும் நிறைவேறாமற் கிடக்கின்றது. இவ்விரண்டிற்கும் தில்லி விடைசொல்லக் கடமைப்பட்டது. அவ்விடையைக் கேட்க வேண்டிய நாவைக்கொண்டு, படை ஏன் திரும்பிற்று என்று கேட்பது, கொலையுண்டவன் வீட்டு முற்றத்தில் நின்று கொலைவாள் ஏன் உறைக்குள் சென்றது என்று கேட்பதாகும்.

மீண்டது பழியன்று. சென்றதற்கும், செய்ததற்கும், செய்யாது விட்டதற்கும் இன்றுவரை விடைசொல்லாமையே பழி. அப்பழி தீரும்வரை தமிழன் நா ஓயற்க!